கோடை விருந்தும் மீன்பிடித் தடைக்காலமும்

இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை நீளும் வடசென்னைக் கரையோரத்தில், கோடை விடுமுறைக்கு வந்து தங்கும் உறவினர்களால் ஒரு குடும்பத்துக்கு நேரும் இடர்களுள் தலையாயது படுக்க இடம் பங்கிடுவதே ஆதலால், இக்கட்டுரை அதனையே ஆராயப் புகுகிறது. அதற்கு முன் மீனைப் பற்றிச் சிறிது கூறியாக வேண்டும்.

தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள், அதாவது எஞ்சின் பூட்டி இழுவலை போட்டு ஆழ்கடலில் மீன்பிடிக்கும் பெரிய படகுகள், கடலுக்குச் செல்லலாகாது. மீன்கள் இனம் பெருக்கும் பருவத்தில் அவற்றைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காக 2001-இல் 45 நாட்களுக்கு எனத் தொடங்கிய இத்தடை, 2017 முதல் 61 நாட்களாயிற்று. பள்ளி விடுமுறையும் ஏறத்தாழ இதே நாட்களில்தான் வருகிறது. ஆகவே, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடக்க, உள்ளூர்க்காரரே வஞ்சிரத்தின் விலையைக் கேட்டுவிட்டுப் பையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பும் அந்தப் பருவத்தில்தான், கோயம்புத்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் உறவினர் வந்திறங்கி, காசிமேட்டு மீனைக் காசிமேட்டு விலைக்கு உண்டுவிட்டே திரும்புவது என்று உறுதி பூணுகின்றனர். கடலில்லா ஊரினர் துறைமுகத்தைத் தெருக்குழாய் போலக் கருதுகின்றனர். திருகினால் வஞ்சிரம் கொட்ட வேண்டும். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லாததால் அவை கொண்டுவரும் நெத்திலியையும் காரப்பொடியையும் வாங்கிக் குழம்பு வைத்தால், "இதெல்லாம் எங்க ஊர்லயே கிடைக்குமே, மாப்ளே" என்று மாமனார் முறையுள்ள ஒருவர் தட்டைப் பார்த்துச் சொல்வது மரபு.

எஞ்சியிருப்பது ஐஸ் மீன். வேறு கரைகளில் பிடிபட்டு, ஐஸ்கட்டி நிரப்பிய பெட்டிகளில் லாரி ஏறி வருவதற்கு இப்பெயர். தடைக்காலத்தில் சென்னைச் சந்தைக்குக் கேரளத்திலிருந்து வரும் இம்மீன், பாலக்காட்டுக் கணவாய் வழியே கோயம்புத்தூரைக் கடந்து வருவதும் உண்டு. தம் ஊரின் உக்கடம் சந்தையில் பாதி விலைக்குக் கிடைத்திருக்கக்கூடிய அதே மீனைத் திருவொற்றியூரில் இரண்டு துண்டு கூடுதலாக வாங்கி உண்டு, "கடலோரம் கடலோரம்தான்" என்று விருந்தினர் விரலைச் சப்பும்போது, விருந்தளிப்போர் உண்மையைச் சொல்லாமலிருப்பதே பண்பாடு எனப்படுகிறது.

மீனுக்கு 61 நாள் ஓய்வளித்த அரசு, அதே நாட்களில் அடுப்படியில் வேகும் குடும்பத்துக்கு ஒரு நாளும் அளிக்கவில்லை என்பது இங்கே சிந்திக்கத்தக்கது. தடையை வீடுகளுக்கும் நீட்டிப்பதாயின் உறவினரை இருவகையாகப் பிரிக்கலாம். விசைப்படகு உறவினர் என்போர் காரில் குடும்பத்தோடு வந்து, அடுத்த வீட்டு வாசலை அடைத்து வண்டியை நிறுத்தி, ஃப்ரிட்ஜிலுள்ள தயிர், சுவரிலுள்ள எல்லா பிளக்குகள், மொட்டை மாடித் தொட்டியின் கடைசிச் சொட்டுத் தண்ணீர் என அடிமட்டம் வரை அரித்தெடுப்போர். நாட்டுப்படகு உறவினரோ மின்சார ரயிலில் ஒற்றைப் பையுடன் வந்து, கரையோரமாகவே அமர்ந்து, காபி குடித்துப் பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவர். இவர்களுக்கு விலக்கு அளிக்கலாம். நாட்டுப்படகாக வந்து மறுநாள் எஞ்சின் பூட்டிக்கொள்ளும் மூன்றாம் வகையினரால்தான் சட்டம் இயற்றுவது கடினமாகிறது: காலையில் தனியே வந்த அத்தை, இரவு பாயை விரித்தபின், "பசங்களையும் வரச் சொல்லிட்டேன்" என்கிறார். தடைக்கால நிவாரணம் மீனவர்க்கு வழங்கப்படுவதுபோல் விருந்தளிப்போர்க்கும் வழங்கினால், அதனைச் சிலிண்டராகவும் தண்ணீர்க் கேனாகவும் தருவது நலம். இத்தடையைக் கண்காணிக்கும் சாவடிக்கு டோல்கேட் மெட்ரோ நிலையம் பெயராலேயே பொருத்தமானது. இவ்வரிகள் எழுதப்படும்போது அத்தகைய ஒரு வீட்டின் தொட்டி இன்னும் நிரம்பவில்லை என்பதால், கட்டுரையின் நடுநிலை சற்றுக் கோணியிருக்கலாம்.

முன்பெல்லாம் இயற்கையாகவே ஒரு பாதுகாப்பு இருந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் சென்னைத் துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக்கிடக்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையை எண்ணியே பலர் தாம்பரத்து உறவினர் வீட்டோடு நின்றுவிடுவர். 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் திறக்கப்பட்டதும் அவ்வரண் தகர்ந்தது. இப்போது சென்ட்ரலில் இறங்குவோர் ஏ.சி.யில் அமர்ந்து காலடிப்பேட்டைக்கு வந்துவிடுகின்றனர். வந்ததும் மணலி ஆலைகளின் பக்கத்துக் காற்றை முகர்ந்து, "இங்க எப்படித்தான் இருக்கீங்களோ" என்கின்றனர். ஆண்டு முழுவதும் அந்த நாற்றத்தைத் திட்டித் தீர்க்கும் வீட்டார், அன்று மட்டும் அதற்குப் பரிந்து பேசும்படி ஆகிறது.

பௌர்ணமி ஒன்றே ஆறுதல். காலையில் மேலூர்த் திருவுடை அம்மன், உச்சிப்பொழுதில் திருவொற்றியூர் வடிவுடை அம்மன், மாலையில் திருமுல்லைவாயில் கொடியிடை அம்மன் என மூவரையும் ஒரே நாளில் வழிபடுவது பெரும் பேறு என்பது இப்பக்கத்து நம்பிக்கை. விருந்தினரிடம் இதன் பெருமையை எவ்வளவு விரித்துரைத்தாலும் தகும். அன்று சைவம், பகல் முழுவதும் வீடும் காலி.

ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிந்து படகுகள் புறப்படுகின்றன. அவை கரை திரும்பத் திரும்ப மீன்வரத்து பெருகி விலையும் இறங்குகிறது. அதற்குள் பள்ளிகள் திறந்து, ஊர் திரும்பிய உறவினர், செய்தித்தாளில் அதனைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் அழைக்கின்றனர்: தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, ஆம்னி பஸ்ஸில் ஐந்து கிலோ வஞ்சிரம் ஏற்றிவிட இயலுமா, கழுவி வெட்டித்தான்.