பயங்கரமாத் தண்ணி விழுது

போன குற்றாலச் சீசனில், பிரானூர் பார்டரில் ஒரு பரோட்டாக் கடை. பக்கத்து மேசையில் சென்னைப் பிள்ளைகள் நாலு பேர். அருவியில் நனைந்த தலை இன்னும் காயவில்லை, கழுத்தில் ஈரத்துண்டு. பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் முக்கி, மிளகுக்கோழியோடு சேர்த்து வாயில் போட்ட ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: "கொடூரம்டா!" அடுத்தவன், "மரணம்!" என்றான்.

சால்னா வாளியோடு வந்த பெரியவருக்கு முகம் செத்துவிட்டது. "என்ன தம்பி, உறைப்பு சாஸ்தியா? வேற மாத்தித் தரட்டுமா?"

"ஐயோ இல்ல அங்கிள். வெறித்தனமா இருக்கு. சும்மா கொல்லுது!"

பெரியவர் வாளியைக் கீழே வைத்துவிட்டார். கல்லாவில் இருந்தவர்தான் அங்கிருந்தபடியே பொழிப்புரை சொன்னார்: "அண்ணாச்சி, நல்லாருக்காம். இன்னும் நாலு கேக்காவ, போடுங்க." பெரியவர் சால்னாவை ஊற்றிக்கொண்டே முனகினார்: "நல்லாருந்தா நல்லாருக்குன்னு சொல்லுங்கய்யா. வயித்தக் கலக்கிட்டுல்லா."

நான் பெரியவர் கட்சி. ஆனாலும் அந்தப் பையன்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. வெள்ளைக்காரன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இந்தக் கூத்தை ஆரம்பித்துவிட்டான். 'ஆஃபுலி நைஸ்', 'டெரிப்ளி குட்', 'ஃப்ரைட்ஃபுலி கிளவர்' என்று, கிலி பிடிக்க வைப்பதெல்லாம் அவனுக்கு 'ரொம்ப'. கேட்டவரை நடுங்க வைப்பதற்கென்று பிறந்த 'டெரிஃபிக்' இன்றைக்கு எல்.கே.ஜி. பிள்ளையின் நோட்டில் நட்சத்திரத்தோடு உட்கார்ந்திருக்கிறது. ஜெர்மன்காரரும் நல்ல மனிதரை 'பயங்கர அன்பானவர்' என்றுதான் சொல்கிறார்.

இதில் சட்டதிட்டமாவது உண்டா என்றால் அதுவும் கிடையாது. 'டெரிப்ளி குட்' செல்லும். 'ஹாரிப்ளி குட்' என்றால் காது சுளிக்கும். இரண்டும் ஒரே பேய் வீட்டுப் பிள்ளைகள். ஒன்றுக்கு மட்டும் கல்யாண வீட்டில் பந்தி, மற்றதற்கு வாசலோடு சரி. நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஆண்டு தவறாமல் 'குற்றாலத்துக்கு ஓர் உல்லாசப் பயணம்' என்று ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். எங்கோ படித்த தெம்பில் ஒரு பயல், 'வி ஹேட் எ டெரிப்ளி குட் பாத்' என்று எழுதினான். வாத்தியார் சிவப்பு மையில் சுழித்து, "குளியல் டெரிபிளா, குட்டா? ஒண்ணச் சொல்லுல" என்று கேட்டார். அவன் எழுதியது சரியான ஆங்கிலம். அரை மார்க் போனது போனதுதான்.

நம்முடைய யோக்கியதை என்ன? ஆற அமர யோசித்தால் வெள்ளைக்காரனே தேவலை. அவன் பயத்தோடு நிறுத்திக்கொண்டான். நாம் குற்றவியல் சட்டத்தையே இறக்கிவிட்டோம். பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் 'கொள்ளை அழகு' என்பார்கள். கல்யாணம் நடந்த விதம் 'அமர்க்களம்'. போர்க்களம் என்று அர்த்தம். மாப்பிள்ளை 'அநியாயத்துக்கு நல்லவன்'. கச்சேரியில் வித்வான் 'கொன்னுட்டார்'. ஒரே முகூர்த்தத்தில் திருட்டு, யுத்தம், அநீதி, கொலை நான்கும் முடிந்து, எல்லாரும் பாயசம் குடித்துவிட்டுப் போகிறார்கள்.

இது சினிமா கெடுத்தது என்று சொல்வோர் உண்டு. 'மரண மாஸ்' பாட்டும் 'வெறித்தனம்' பாட்டும் வந்து சில வருஷந்தான் ஆகிறது. நன்னூலோ எழுநூறு, எண்ணூறு வருஷத்துச் சரக்கு. அதில் மிகுதியைக் காட்டுவதற்கென்றே சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று ஆறு சொற்களைப் பவணந்தியார் பட்டியல் போட்டிருக்கிறார். ஆறில் சாதுவானவற்றை எல்லாம் நாம் புலவர்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டோம். 'நனி நன்று' என்று பரோட்டாக் கடையில் சொல்லிப் பாருங்கள், பில்லை முதலில் கேட்பார்கள். 'கடி' என்ற ஒரு சொல்லுக்கு அவர் சொல்லும் பதின்மூன்று பொருளில் அச்சமும் இருக்கிறது, சிறப்பும் இருக்கிறது, மிகுதியும் இருக்கிறது. ஆக, 'பயங்கரமா நல்லாருக்கு' என்பதற்கு இலக்கணச் சம்மதம் வாங்கி ரொம்ப நாளாயிற்று. பெரியவர் கட்சிக்கு இது பின்னடைவுதான்.

ஆனால் எங்கள் ஊர்ப்பக்கத்துப் புலவர் ஒருவர் இந்த வம்பே வேண்டாம் என்று வேறு வழி பிடித்தார். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர். குற்றாலத்துத் தேனருவி எவ்வளவு பெரிது என்று சொல்ல வேண்டும். பயங்கரம், கொடூரம் எதையும் அவர் தொடவில்லை. அருவியின் திரை எழும்பி வானத்து வழியாக ஒழுக, சூரியனின் குதிரைக் காலும் தேர்ச் சக்கரமும் வழுக்குகின்றன என்று குற்றாலக் குறவஞ்சியில் பாடிவிட்டார். முழுப் புளுகு. இருந்தாலும் அளவு தெரிகிறது பாருங்கள்: பாறையில் பாசி பிடித்தால் நாம் வழுக்குவோம், அங்கே சூரியனே வழுக்குகிறான். அந்தக் குறவஞ்சிக்கு மதுரை நாயக்கர் நிலமே மானியமாகக் கொடுத்தார். 'வேற லெவல்' என்று எழுதுகிறவனுக்கு இன்று கட்டைவிரல்தான் கிடைக்கிறது.

பரோட்டாவோடு போனால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனி, ஆடியில் சாரல் அடிக்கத் தொடங்கியதும் வெளியூர்ச் சொந்தங்களிடமிருந்து போன் வரும். "மாப்ள, குத்தாலத்துல தண்ணி எப்படி?" இவர்களுக்குப் பதில் சொல்வது லேசுப்பட்ட காரியமில்லை. ஒருமுறை மதுரையிலிருந்து கேட்ட மாமாவிடம் எங்கள் வீட்டில் யாரோ, "பயங்கரமா விழுது, வந்துராதீங்க" என்கிற அர்த்தத்தில் "பயங்கரமா விழுது மாமா" என்றார்கள். மாமா வேன் பிடித்து, பேத்திமார் சகிதம், எண்ணெய்ப் பாட்டிலோடு வந்து இறங்கினார். மெயின் அருவியில் குளிக்கத் தடை. போலீஸ்காரர் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே கையைக் காட்டினார். மாமா தலையில் வைத்த எண்ணெயோடு மாங்குஸ்தான் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். அடுத்த வருஷம் அவர் பயந்துபோய் வராமல் இருந்த வாரத்தில் அருவி பதமாக விழுந்துகொண்டிருந்தது. அதற்கும் நாங்கள் சொன்ன சொல் 'பயங்கரம்'தான்.

இத்தனைக்கும் குற்றாலத்தில் அளவுகோல் கண்ணெதிரே நிற்கிறது. மெயின் அருவியில் மேலேயிருந்து வரும் தண்ணீர் இடையில் பொங்குமாகடல் என்கிற பாறைப் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, அப்புறம்தான் நம் தலைக்கு வருகிறது. அது நிரம்பித் தள்ளும்போது, கீழே கட்டியிருக்கிற பாதுகாப்பு வளைவையும் தாண்டித் தண்ணீர் வந்து விழும். அதற்குப் பெயர் எங்களூரில் 'ஆர்ச்சைத் தாண்டி விழுது'. ஐந்தருவிக்குக் கணக்கு இன்னும் சுலபம்: ஐந்து கிளையில் எத்தனை விழுகிறது என்று எண்ணிச் சொல்லிவிடலாம்.

ஆகவே வெளியூர் அன்பர்களே, சீசனுக்குப் போன் போடும்போது 'தண்ணி எப்படி' என்று கேட்காதீர்கள். எங்கள் வாயில் வேறு சொல் வராது. 'ஆர்ச்சுக்கு உள்ளயா, வெளியவா? அஞ்சுல எத்தனை?' என்று மட்டும் கேளுங்கள். வெளியே என்றால் வண்டியை எடுக்க வேண்டாம்.