மட்டாஞ்சேரி சவுண்டு மாமா

மாமாவின் பட்ஜெட் நோட்டில் முதல் வரி பிள்ளையார் சுழி. இரண்டாவது வரி: "மொத்தம் ரூ.1,50,000. இதற்குமேல் ஒரு பைசா கிடையாது." அதன் கீழே ஸ்கேல் வைத்து இழுத்த இரண்டு கோடுகள். அதே நோட்டில் இப்படி ஏழு 'முதல் பக்கங்கள்' இருக்கின்றன. தொகை மட்டும் பக்கத்துக்குப் பக்கம் ஏறியிருக்கும். கோடு என்னவோ அதே இரண்டுதான்.

பாட்டுக் கேட்கிறவர்கள் ஒரு ரகம். பாட்டுக் கேட்க ஏற்பாடு செய்கிறவர்கள் இன்னொரு ரகம். மாமா இரண்டாவது. ரிட்டயரான மறுநாளே வீட்டின் கீழ் உள்ளைக் காலி செய்து, "இனிமே இது கேட்கற ரூம்" என்று அறிவித்துவிட்டார். அங்கே முப்பது வருஷமாக இருந்த ஊறுகாய் ஜாடிகள் நாடு கடத்தப்பட்டன. மாமி எதிர்ப்பு எதுவும் சொல்லவில்லை. தன் கணக்கு டைரியில் மாமா வாங்குகிற சாமான்களை எல்லாம் 'வைத்தியச் செலவு' என்ற தலைப்பில் எழுதிக்கொண்டு வருகிறாள்.

இத்தனைக்கும் மட்டாஞ்சேரி பாட்டுக்குப் பேர்போன ஊர். 1981-இல் மறைந்த மெஹ்பூப் கல்யாண வீடுகளில் உட்கார்ந்து பாடியே ஊரைக் கட்டிப்போட்டவர். 2018-இல் காலமான கஜல் பாடகர் உம்பாயியும் இந்த ஊர்க்காரர்தான். ஒரு ஹார்மோனியம், ஒரு தபலா, நாலு பேர் இருந்தால் இங்கே கச்சேரி களைகட்டும். இதை மாமாவிடம் சொன்னால், "அதெல்லாம் சரிடா, அந்தக் கல்யாண வீடுகள்ல ரிஃப்ளெக்‌ஷன் எவ்வளவு இருந்திருக்கும்!" என்று வருத்தப்படுவார்.

அவர் பட்ஜெட்டில் பாதி ஸ்பீக்கருக்கு. மீதியில் ஆம்ப்ளிஃபையர், ரெக்கார்ட் பிளேயர், ஒயர். ஒயருக்கு மட்டும் பத்து சதவீதம்! "ஒயர்ல என்ன மாமா இருக்கு?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். கோயிலில் செருப்போடு நுழைந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நாற்பது வாட்ஸ் ஆம்ப்ளிஃபையரைத் தள்ளிவிட்டு எண்பது வாட்ஸ் வாங்கியதும் அப்படித்தான். வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் ஏறுவது 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் வாட்ஸ் ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும். இந்தக் கணக்கை மாமாதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். எண்பது வாட்ஸை வாங்கி வந்த ஆட்டோவிலேயே சொன்னார்.

பெட்டிகள் வந்து சேர்ந்த அன்று ராத்திரி ரெக்கார்டை வைத்தால், பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு சுருதிப்பெட்டி.

"எர்த் சரியில்லை" என்று தீர்ப்பளித்தார் மாமா. மறுநாள் சாயங்காலமே கொல்லையில் குழி. ஒரு சாக்குக் கரி, பத்துக் கிலோ கல்லுப்பு, ஒரு செப்புத் தகடு. "சாரே, இவிடத்தெ மண்ணே உப்பாணு" என்று எலெக்ட்ரீஷியன் சொல்லிப் பார்த்தான். மாமா கேட்கவில்லை. இருட்டுகிற நேரம், லுங்கி கட்டிய ஒருவன் குழிக்குள், கையில் டார்ச்சோடு வெற்றுடம்பில் மாமா மேலே. கரியும் உப்பும் மாறி மாறி விழுகின்றன. மதிலுக்கு மேலே அடுத்த வீட்டு மிளகு வியாபாரி இக்காவின் தலை தெரிந்தது.

"ஸ்வாமீ, இதெந்தா... கூடோத்ரமோ?"

யாரையாவது கெடுக்க நினைத்தால் தகடு மந்திரித்து மண்ணில் புதைப்பது இந்த ஊர் நம்பிக்கை. மாமாவுக்கு விளக்கி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. இக்கா தலையை ஆட்டினார். ஆனால் ஒரு வாரம் எங்கள் கொல்லைப் பக்கம் அவர் வீட்டுக் கோழிகூட வரவில்லை.

இரைச்சல் மட்டும் போகவில்லை. கடைசியில் ரெக்கார்ட் பிளேயரின் பின்னால் வாலாகத் தொங்கிய ஒரு மெல்லிய பச்சை ஒயரை, ஆம்ப்ளிஃபையரின் முதுகில் இருக்கும் சின்ன திருகில் மாட்டினான் எலெக்ட்ரீஷியன். சுருதிப்பெட்டி நின்றது. செலவு பூஜ்யம். மாமாவின் நோட்டில் பூஜ்யம் எழுத இடமில்லை. அதனால் அது ஏறவே இல்லை. குழிக்கு ஆன ஒன்பதாயிரம் ஏறியது.

அப்புறம் நாற்காலி. அறை பத்துக்குப் பத்து, கச்சிதமான சதுரம். இசைக்குப் பொல்லாத வடிவம். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் 57 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒரே கனத்த ஸ்வரத்தை இரண்டு ஜோடிச் சுவர்களும் சேர்ந்து ஊதிப் பெரிதாக்கும். அந்த ஸ்வரம் மூலைகளில் இடிக்கும். நட்டநடுவில் காணாமலே போகும். மாமா நாற்காலி போட்டது நட்டநடுவில். நூல் பிடித்து அளந்து, தரையில் டேப் ஒட்டி.

"பேஸே இல்லையேடா" என்று புலம்பிக்கொண்டிருந்தபோது மூலையில் சப்பணம் போட்டிருந்த பேரன், "தாத்தா, இங்க வந்து உக்காரு, வயிறெல்லாம் இடிக்கறது" என்றான். குழந்தை பேச்சை யார் மதிப்பார்கள்? நாற்காலியை இரண்டடி பின்னால் தள்ளியிருந்தால் பாதி வியாதி தீர்ந்திருக்கும். மாமா சப்-ஊஃபர் வாங்கினார். அது ஐந்தாவது பட்ஜெட்.

ஆறாவது பட்ஜெட்டை ஜூன் மாத மழை போட்டது. ரெக்கார்ட் உறைகளில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. பழைய ஸ்பீக்கர் ஒன்றின் ஃபோம் விளிம்பு ஈரக்காற்றில் உளுத்து, தொட்டால் அப்பளமாக உதிர்ந்தது. ஈரம் உறிஞ்சும் மெஷின் வந்தது. மூன்றே நாளில் அந்தத் தெருவிலேயே அப்பளம் நமுத்துப்போகாத ஒரே அறை மாமாவின் அறைதான் என்று ஆனது.

சேதி மதில் தாண்டியது. கிட்டங்கியில் ஓடு ஒழுகுவதால் பன்னிரண்டு மூட்டை மிளகை அங்கே வைத்துக்கொள்ளலாமா என்று இக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார். கூடோத்ரப் பயத்தை லாபம் ஜெயித்துவிட்டது. மாமாவால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. மூலைக்கு மூன்றாக அடுக்கினார்கள். மூட்டைகளுக்கு வழி விட்டதில் நாற்காலி தானாக இரண்டடி பின்னால் போயிற்று.

அன்று ராத்திரி மாமா எரிச்சலோடுதான் ரெக்கார்டை வைத்தார். மிருதங்கத்தின் தொப்பி தனியாக, உருண்டையாக, இடிக்காமல் கேட்டது. மூலையில் முட்டி மோதித் திரும்பிக்கொண்டிருந்த கனத்த ஓசையைச் சாக்கும் மிளகுமாகச் சேர்ந்து தின்றுவிட்டன. மாமா நோட்டை எடுக்கவில்லை. ரெக்கார்டின் ஒரு பக்கம் முழுக்க, இருபது நிமிஷத்துக்குமேல், கண்ணை மூடிக் கேட்டார். நான் பார்த்து அதுதான் முதல் தடவை. மாமி வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் போனாள். மறுநாள் அவள் டைரியில் 'வைத்தியச் செலவு' பத்தி காலியாக இருந்தது.

ஓணத்துக்கு முன்னால் இக்கா சிரித்த முகத்தோடு வந்தார். "ஸ்வாமீ, வெல கேறி!" பன்னிரண்டு மூட்டையும் ஒரு மணி நேரத்தில் வண்டி ஏறின. அன்று சாயங்காலம் பாட்டு மறுபடி மூலையில் இடிக்க ஆரம்பித்தது. ஏழாவது பட்ஜெட் அன்றைக்குத்தான் பிறந்தது: 'மூலைத் தடுப்பு, வெளிநாட்டுச் சரக்கு, 4.' விலையைப் பார்த்து மாமாவே ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறார்.

இப்போதெல்லாம் காலையில் பேப்பர் வந்ததும் நேரே வியாபாரப் பக்கத்தைப் பிரிக்கிறார். 1957 முதல் மிளகுக்கு முன்பேர வணிகம் நடந்த ஊர் இது. மிளகு விலை ஏற வேண்டும் என்று வேண்டிக்கொள்ளாதவர் இங்கே அபூர்வம். கிலோவுக்கு நாலு ரூபாய் இறங்கினால் மாமா முகம் மலர்கிறது. பத்து ரூபாய் இறங்கிய அன்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்.

இக்காவிடம் மட்டும் சொல்லிவிடாதே என்றார்.