பனியன் உருவுன எள்ளு

வாங்க மாப்ள, திண்ணையில உக்காருங்க. லைன் வீட்டுல எள்ளு மொளைக்க வெச்சீங்களாமா? ஒரு வாரமாக் காத்திருந்தும் ஒண்ணுகூடக் கண்ணு முழிக்கலைன்னு எங்க அம்மணி ஃபோன்ல சொல்லுச்சு. மளிகைக் கடையில வெள்ளை வெளேர்னு இருந்துச்சு, அதான் வாங்குனேன்னீங்களாமா. அங்கயே கெட்டுது போங்க. அது தோல் உரிச்ச எள்ளு. உருண்டை புடிக்க ஆகும், பன்னு மேல தூவ ஆகும். பனியனை உருவிட்டு மார்கழிப் பனியில நிக்க வெச்சா நீங்க நிப்பீங்களா? உரிக்கறப்பவே உள்ள இருக்கற மொளையும் அடிபட்டுப் போயிருக்கும். தண்ணி பட்டா அழுகத்தான் செய்யும். கம்பெனியில பீஸ் பீஸா ஓட்டை தேடற செக்கிங் ஆளு, இதைக் கோட்டை உட்டுட்டீங்களே!

கறுப்போ செவப்போ, தோலோட இருக்கணும், வறுத்திருக்கக் கூடாது, போன வெள்ளாமையில வந்ததா இருக்கணும். சிவகிரி ஏலத்துக்கு மூட்டை மூட்டையா வருது, ஒரு கை அள்ளுனா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. வெதைக்கடையில கேட்டா டி.எம்.வி., வி.ஆர்.ஐ.ன்னு நம்பரோட எடுத்துக் குடுப்பாங்க. திண்டிவனத்துலயும் விருத்தாசலத்துலயும் உருவான ரகங்க. சான்று வெதைன்னா 100-க்கு 80 மொளைக்கணும்னு அளவு வெச்சிருக்காங்க. ஆனா மருந்து தடவுன வெதையைச் சட்டியில போடுங்க, சாலட்டுல போட்றாதீங்க.

சரி, தண்ணி எங்க புடிச்சீங்க? போர்லயா? நல்லா இருக்குது! நொய்யக் கரைத் தண்ணி எப்படின்னு எங்களுக்குத் தெரியாதாக்கும். 1992-ல ஒரத்துப்பாளையத்துல பாசனத்துக்குன்னு அணை கட்டுனாங்க, வந்து தேங்குனது சாயத்தண்ணி. கெணறுக உப்பாகி, சண்டை கோர்ட்டு வரைக்கும் போயி, 2011 ஜனவரியில சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஐகோர்ட் உத்தரவே போட்டுது. துணியில சாயம் ஏறணும்னா உப்பு வேணும். எள்ளுக்கு அது ஆகாது, உப்பு எச்சாயிட்டா வெதையால தண்ணியை உறிஞ்ச முடியாது. குழாயில பவானித் தண்ணி வர்ற அன்னைக்கு ஒரு சொம்பு தனியாப் புடிச்சு வெய்ங்க. எள்ளும் தண்ணியும்னு சத்தமாச் சொல்லிட்டு மட்டும் செய்யாதீங்க, உங்க அத்தை பயந்துக்கும்.

அஞ்சு மணி நேரம் ஊறுனாப் போதும். வடிகட்டி, துவைச்ச பழைய பனியன் துணியில ஒத்தையாப் பரப்பி மூடுங்க. கம்பெனியில இருந்து புது வேஸ்ட் துணி கொண்டாந்துறாதீங்க, வெளுப்பு மருந்தும் சாஃப்ட்னரும் அதுலயே இருக்கும். தொட்டா ஈரம் தெரியணும், புழிஞ்சாச் சொட்டக் கூடாது. தண்ணி தேங்குனா எள்ளு செத்துப்போகும், அது வயக்காட்டுலயும் அப்படித்தான். காத்தால ஒருக்கா, பொழுதோட ஒருக்கா அலசுங்க. நடுவுல மணிக்கொரு தடவை தெறந்து பாக்கறது சூப்பர்வைசர் சோலி. நீங்க ஷிப்டுக்குப் போற நேரத்துலதான் அது நிம்மதியா வேர் உடும். நம்மூர் வெக்கைக்கு ரெண்டு மூணு நாள்ல வெள்ளையா நுனி தெரியும். திங்கறதுன்னா அப்பவே தின்னுருங்க, வளர உட்டாக் கசக்கும். வாடை அடிச்சுதுன்னா மோந்து மோந்து பாக்காம வெளிய கொட்டுங்க.

சட்டியில போடறதுன்னா, எள்ளுக்கு ஏழு உழவுன்னு பெரியவங்க சொன்னதை ஞாபகம் வெய்ங்க. கட்டி இல்லாம மண்ணைப் பொலபொலன்னு ஒடச்சு, மணல் கலந்துக்கங்க. ஒரு கிராம்லயே 300 வெதைக்குக் கொறையாது. ஏக்கராவுக்கே ரெண்டு கிலோதான், அதுவும் நாலு பங்கு மணலோட கலந்துதான் நாங்க தூவுவோம். நீங்க மொட்டை மாடித் தொட்டிக்கு கால் கிலோ வாங்குனீங்களாமா! மேல கால் இஞ்ச் மண்ணு போதும், கெணறு வெட்டிப் பொதைக்க வேண்டாம்.

அதுல எண்ணெய் ஆட்டலாம்னு கணக்குப் போட்றாதீங்க. எள்ளுல பாதிக்குப் பாதிதான் எண்ணெய். உங்க தொட்டியில வெளையறது மீசைக்குத் தடவப் பத்தாது. வெள்ளாமையைக் கண்ணால பாக்கணும்னா நம்ம காட்டுக்கு வாங்க. கீழ்பவானிப் புஞ்சைத் தண்ணியில போட்ட எள்ளு, 80 நாள் ஆச்சு. எலை உதுந்து அடிக்காய் மஞ்சளாயிருச்சு. இன்னும் உட்டா வெடிச்சு மண்ணுல கொட்டிரும். வெயிலுக்கு முந்தி அறுத்து, நுனி உள்ள, தூரு வெளியன்னு வட்டமாப் போர் போட்டு, வக்கப்புல்லு மூடி மூணு நாள் வெக்கணும். அப்புறம் உதறுனா முக்கால்வாசி கொட்டிரும். மிச்சத்தை ஒரு வெயில் காட்டி இன்னொருக்கா உதறணும். அறுக்கத்தான் ஆளு இல்லீங். ஊருல கையும் காலும் நல்லா இருக்கறவங்களையெல்லாம் காத்தால உங்க கம்பெனி வேன் வந்து அள்ளிட்டுப் போயிருது.

ஞாயித்துக்கெழமை லீவுதானுங்களே? ஆறு மணிக்கு வந்துருங்க. அருவாள் இருக்குது, சோறு உண்டு. ஒன்றரை ஷிப்ட் கணக்கெல்லாம் மாமன்கிட்டக் கேக்கப்படாது.