வக்கீல்களின் ஒரே வாசகர்

வக்கீல்களைக் கேலி செய்யாத நாடகமும் இல்லை, அவர்களுக்கு அஞ்சாத கட்சிக்காரரும் இல்லை. ஆனால் அந்த வக்கீல்கள் எழுதுவதையெல்லாம் மாதந்தோறும் முதல் எழுத்திலிருந்து கடைசி முற்றுப்புள்ளி வரையில் வாசித்து, வெட்டி, ஒட்டி, பதினாறு பக்கத்துக்குள் அடக்கி, அவர்களுக்கே திருப்பி அனுப்புகிற மனிதர் ஒருவர் உண்டு என்பதை, சென்னை உயர்நீதிமன்றத்தின் சிவந்த கோபுரங்களை நாள்தோறும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு போகிறவர்கள்கூட அறியமாட்டார்கள். தம்புச் செட்டித் தெருவிலோ அர்மேனியன் தெருவிலோ, ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடிப்படி திரும்புகிற இடத்திலுள்ள ஓர் அறையில் அவரைக் காணலாம். வக்கீல் சங்கங்களும் பெரிய சட்ட நிறுவனங்களும் தங்கள் அங்கத்தினர்களுக்கென்று நடத்தும் செய்திமடல்களுக்கு அவர் ஆசிரியர். சிவில், கிரிமினல், வரி, தொழிலாளர், குடும்பம், கம்பெனி என்று துறைக்கொரு மடல். அத்தனைக்கும் ஆசிரியர் ஒருவர்தான்.

அவரும் சட்டம் படித்தவர், சன்னத்தும் வாங்கியவர். ஆரம்ப காலத்தில், தம்முடைய சீனியர் தாக்கல் செய்த மனுவொன்றில் எழுவாய்க்கும் பயனிலைக்கும் பொருத்தமில்லை என்பதை, நீதிபதி அந்த மனுவை அனுமதிக்கப் போகிற தருணத்தில், அந்தச் சீனியரின் காதோடு சொல்வதாக நினைத்துக்கொண்டு கோர்ட்டு முழுவதற்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார் என்றும், அன்று மாலையே அவருக்குப் பத்திரிகைத் துறையில் நல்ல எதிர்காலம் இருப்பதாகச் சீனியர் ஆசீர்வாதம் செய்தனுப்பினார் என்றும் அந்தத் தெருவில் ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. தமது தொழிலின் குலப்பெருமையில் மட்டும் அவருக்கு அசைக்கமுடியாத நம்பிக்கை. உயர்நீதிமன்றத்தின் இப்போதைய கட்டடம் திறக்கப்பட்டது 1892-இல். 'மெட்ராஸ் லா ஜர்னல்' தொடங்கியதோ 1891-இல். “கட்டடத்துக்கு முன்னாலேயே பத்திரிகை வந்துவிட்டது, சார்” என்பார், இரண்டையும் தாமே ஸ்தாபித்தவரைப் போல.

அவருடைய கஷ்டங்கள் துறைவாரியானவை. சிவில் வக்கீல் அவசரமில்லாத பிரகிருதி. இடைக்காலத் தடையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டால், 1908-ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 39-க்கு வந்து சேருவதற்கு முன்பாகவே ஒன்பது பக்கங்களைச் செலவழித்து, நீதி என்பது என்ன என்ற விசாரணையில் இறங்கி, பத்தாவது பக்கத்தில் இடம் போதாமை கருதி விஷயத்தைச் சுருக்கிக்கொள்வதாக அறிவிப்பார். காலவரையறைச் சட்டத்தைப் பற்றி எழுத அவர் ஒப்புக்கொண்டால் அந்தக் கட்டுரை குறித்த தேதிக்கு மூன்று வாரம் கழித்துத்தான் வரும். ஆனால் வெறுங்கையோடு வராது. 1963-ஆம் வருஷத்து அந்தச் சட்டத்தின் 5-ஆவது பிரிவின்கீழ் தாமதத்தை மன்னிக்கக் கோருகிறவர் ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் காரணம் காட்டவேண்டும் என்று பழைய தீர்ப்புகள் சொல்லிவைத்திருப்பதால், கூடவே ஒரு கடிதமும் வரும்: முதல் ஐந்து நாள் ஜுரம், அடுத்த நான்கு நாள் மைத்துனர் மகள் கல்யாணம், அதற்கடுத்த இரண்டு நாள் குமாஸ்தாவுக்கு ஜுரம், பிறகு கட்டுரைப் பிரதி கேஸ் கட்டு ஒன்றில் தவறுதலாகச் சேர்ந்து திண்டிவனம் வரைக்கும் போய்த் திரும்பிய காலம். கட்டுரையைவிடக் கடிதம் நன்றாக இருக்கிறது என்பது ஆசிரியரின் அபிப்பிராயம். அதையே பிரசுரித்துவிடலாமா என்று ஒருமுறை அவர் சபலப்பட்டதும் உண்டு.

கிரிமினல் வக்கீல் எழுதுவதேயில்லை, பேசுவார். எழும்பூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டு வராந்தாவில் நின்றுகொண்டு தொலைபேசியில் அவர் சொல்லச்சொல்ல இவர் எழுதிக்கொள்ளவேண்டும். எழுதியானபின் படித்துப் பார்த்தால், அன்று இரவு நிலா இருந்ததா, இருந்திருந்தால் சாட்சிக்கு ஏன் கண் தெரியவில்லை, இல்லாதிருந்தால் சாட்சிக்கு எப்படிக் கண் தெரிந்தது என்ற ரீதியில் பக்கம் முழுவதும் கேள்விகளாகவே இருக்கும். பதில் ஒன்றுகூடத் தென்படாது. பதில் சொல்வது அரசுத் தரப்பின் பொறுப்பு என்று பழகிய நாக்கு அது.

போதாக்குறைக்கு 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் மாறிவிட்டன. மோசடிக்காரனுக்கு 420 என்பது பட்டப்பெயராகவே நிலைத்துவிட்ட ஊரில், 1860-ஆம் வருஷத்துச் சட்டத்தோடு அந்த எண்ணும் ஓய்வு பெற்று, அதன் ஸ்தானத்தில் 318 உட்கார்ந்திருக்கிறது என்பதை எந்த மனம்தான் எளிதில் ஏற்கும்? அதையாவது சகித்துக்கொள்ளலாம். பழைய நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் உயர்நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். அந்த அதிகாரம் புதிய சட்டத்தில் 528-க்குக் குடிபெயர்ந்துவிட, காலியான 482-ஆம் எண்ணில் முன்ஜாமீன் வந்து குடியேறியிருக்கிறது. ஆகவே எந்தச் சட்டம் என்று சொல்லாமல் '482' என்று மட்டும் எழுதியனுப்பும் கட்டுரையாளர், வழக்கையே ரத்து செய்யச் சொல்கிறாரா, கைதுக்கு முன்னால் ஜாமீன் கேட்கிறாரா என்பதைக் கட்டுரையின் தொனியிலிருந்து ஊகித்தறிய வேண்டிய பாரம் ஆசிரியரின் தலையில் விழுகிறது. போன் செய்து கேட்டால், “ரெண்டும்தான் சார், போட்டுடுங்க” என்று பதில் வருகிறது.

வரி வக்கீலின் வாக்கியத்துக்கு ஆரம்பம் உண்டு; முடிவு, அடுத்த பட்ஜெட்டுக்கு உட்பட்டது. 'ஆயினும்' என்று ஒரு கிளை, 'மேலும் ஆயினும்' என்று இன்னொரு கிளை, அதற்கொரு விளக்கம், அந்த விளக்கத்துக்கு ஒரு விலக்கு என்று போய்க்கொண்டே இருக்கும் அந்த வாக்கியத்தை நடுவில் முறித்து இரண்டாக்கினால், “கட்சிக்காரருக்கு வரி ஏறிவிடும் சார்” என்று பதறுவார். 115பிஏசி, 194ஐஏ என்று வாலும் கொம்பும் முளைத்த எண்களை மந்திரம்போல் உருப்போட்டு ஆயுளைக் கழித்தவர் அவர். 1961-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் புதிய வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டு, பிரிவுகளெல்லாம் 1 முதல் 536 வரையில் சாதுவாக வரிசையில் நின்றபோது, எளிமையைக் கண்டு கண்ணீர் விட்டவர் அவர் ஒருவராகத்தான் இருக்கமுடியும்.

தொழிலாளர் துறை மடல் பல வருஷம் ஆசிரியருக்கு ஓய்வு தந்தது. இருபத்தொன்பது சட்டங்களை நான்காகத் தொகுத்துப் பாராளுமன்றம் 2019-இலும் 2020-இலும் நிறைவேற்றிவிட்டு, அமலாக்கத்தை 2025 நவம்பர் வரையில் ஒத்திவைத்திருந்தபடியால், 'விரைவில் அமலுக்கு வரும்' என்ற ஒரே கட்டுரையைத் தேதி மட்டும் மாற்றி வெளியிட்டுக்கொண்டிருந்தார். அமலுக்கு வந்த அன்று அவருக்கு உண்டான துக்கம், எந்த முதலாளிக்கும் எந்தத் தொழிற்சங்கத்துக்கும் உண்டாகியிராது.

கம்பெனி வக்கீலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவர் எழுதுவதில் பாதி என்சிஎல்டி, என்சிஎல்ஏடி, சிஐஆர்பி, சிஓசி என்று சுருக்கெழுத்துகளாகவே இருப்பதால் திருத்துவதற்குச் சொற்கள் அகப்படுவதில்லை. குடும்பநல வக்கீலின் பக்கமோ அதற்கு நேர்மாறானது. ஒரு துறையினர் மற்றொரு துறையின் மடலைத் தொடுவதில்லை என்பது சம்பிரதாயமாயிருக்க, இந்த ஒரு மடலை மட்டும் எல்லாத் துறையினரும், தங்கள் மேஜையில் கிடந்தது என்ற பாவனையில், படித்துவிடுகிறார்கள். பரஸ்பர சம்மதத்தின்பேரில் விவாகரத்துக்கு மனுச் செய்தவர்கள் காத்திருக்கவேண்டிய ஆறு மாதத்தை, தகுந்த சந்தர்ப்பங்களில் தள்ளுபடி செய்யலாம் என்று உச்சநீதிமன்றம் 2017-இல் சொன்ன தீர்ப்பைப் பற்றிய குறிப்பு வெளியானபோது, வரி வக்கீல் ஒருவர் கூடுதலாக ஒரு பிரதி கேட்டனுப்பினார். எதற்கென்று ஆசிரியர் கேட்கவில்லை.

இத்தனை துறைகளுக்கும் பொதுவான வியாதி ஒன்றுண்டு. வக்கீல் விளம்பரம் செய்துகொள்ளலாகாது என்பது பார் கவுன்சிலின் 36-ஆவது விதி. பெயர்ப்பலகைகூட நியாயமான அளவில்தான் இருக்கவேண்டும். தாம் நடத்திய வழக்கின் சம்பந்தமாகத் தமது புகைப்படம் பிரசுரமாகச் செய்வதும் அதே விதியில் தடுக்கப்பட்டிருக்கிறது. தெருவில் அடைபட்ட வெள்ளம் செய்திமடலுக்குள் புகுந்துவிடுகிறது. 'கட்டுரையாளர் ஆஜராகும் பாக்கியம் பெற்ற சமீபத்திய வழக்கொன்றில்' என்று தொடங்காத கட்டுரை அபூர்வம். அந்த வழக்கில் ஜெயித்தவர் எழுதினால் தீர்ப்பு சட்ட வரலாற்றின் மைல்கல். தோற்றவர் எழுதினால் அதே தீர்ப்பு, நீதிமன்றத்தின்பால் அளவற்ற மரியாதையுடன், மறுபரிசீலனைக்கு உரியது. தம் வழக்கைத் தாமே எழுதக்கூடாது என்று விதி செய்தால் என்ன என்று நான் கேட்டேன். “செய்யலாம் சார். அப்புறம் பதினாறு பக்கத்திலும் நான் கோலந்தான் போடணும்” என்றார்.

அண்மைக்காலத்தில் அவருக்குப் புதிதாக ஒரு பயம் சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவி கற்பித்துக்கொடுத்த, எக்காலத்திலும் வழங்கப்படாத தீர்ப்புகளைக் கோர்ட்டில் மேற்கோள் காட்டியதற்காக நியூயார்க் நகரத்து வக்கீல்களுக்கு 2023-இல் 5,000 டாலர் அபராதம் விழுந்ததிலிருந்து, வருகிற ஒவ்வொரு மேற்கோளையும் அவர் புத்தகத்தை எடுத்துப் பிரித்துப் பார்க்கிறார். அதே வருஷத்தில் உச்சநீதிமன்றம் தனது தீர்ப்புகளுக்கெல்லாம் பொதுவான மேற்கோள் எண்ணை வழங்கத் தொடங்கியதால் இனிமேல் ஓர் எண் போதும் என்று அவர் மகிழ்ந்தது வீணாயிற்று. பழைய பத்திரிகை எண்கள் நாலோடு இது ஐந்தாவதாகச் சேர்ந்து, தீர்ப்பின் பெயர் ஒரு வரியும் எண்கள் மூன்று வரியுமாக வருகின்றன. ஒன்றை நீக்கினால் அந்த எண்ணுக்குரிய பத்திரிகையின் சந்தாதாரர்களுக்கு மனம் நோகுமாம்.

சென்ற வருஷம் ஒரு சிவில் கட்டுரையில், அச்சுக் கோளாறோ விதிவசமோ, வாதி என்று வரவேண்டிய இடங்களிலெல்லாம் பிரதிவாதி என்றும், பிரதிவாதி வரவேண்டிய இடங்களிலெல்லாம் வாதி என்றும் மாறி வெளிவந்துவிட்டது. மடல் எல்லா சேம்பர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. ஒருவரிடமிருந்தும் ஆட்சேபம் இல்லை. கட்டுரையாளர் மட்டும், புகைப்படம் சின்னதாக இருக்கிறதே என்று விசாரித்தார். மனசாட்சி உறுத்த, ஆசிரியர் அடுத்த இதழில் 'பிழைதிருத்தம்' என்று தலைப்பிட்டு நான்கு வரி போட்டார். அன்று மத்தியானமே கட்டுரையாளர் மாடியேறி வந்துவிட்டார்.

“யாராவது கேட்டாங்களா சார்?”

“இல்லீங்க.”

“எதிர்த்தரப்பு நோட்டீஸ் கொடுத்ததா?”

“அதுவும் இல்லை.”

“அப்புறம் நீங்களா ஏன் ஒத்துக்கிட்டீங்க? எழுத்து மூலமா ஒப்புதல் கொடுத்துட்டு நாளைக்கு எப்படி மறுக்கறது? ஒப்புதலைவிடப் பெரிய சாட்சியம் எது சார்?”

ஆசிரியர் யோசித்துப் பார்த்தார். அந்த மாதம் முதல் மடலில் பிழைதிருத்தம் என்ற பகுதி கிடையாது; 'விளக்கங்கள்' என்றொரு பகுதி உண்டு. அதன் முதல் வரி, 'முன் இதழில் கூறப்பட்டவற்றுக்கு எவ்விதப் பாதகமுமின்றி' என்று தொடங்குகிறது.