நெய்வேலிக்குக் குடிவந்தவர்

நெய்வேலிக்குக் குடிவந்தவர் என்பவர் இரண்டு வருடம் இருந்துவிட்டுச் சென்னைக்குப் போய்விடலாம் என்று வந்து, பணி ஓய்வு பெறும் நாள்வரை அங்கேயே இருப்பவர். சுரங்கப் பொறியாளர், அனல்மின் நிலைய இன்ஜினியர், பள்ளி ஆசிரியை, மருத்துவர் என்று தொழில் வேறுபடலாம், லட்சணங்கள் ஒன்றே. வங்கி மேலாளரை இந்த இனத்தில் சேர்க்க முடியாது. மூன்று வருடம் முடிந்ததும் அவர் உண்மையாகவே போய்விடுகிறார்.

வேலைக்கான உத்தரவு வந்த அன்றே இவருடைய வீட்டில் துக்கம் தொடங்கும். சுரங்கம் என்றால் ஊரே கறுத்துக் கிடக்கும், காலையில் துவைத்த சட்டை மாலையில் கரித்துணி ஆகிவிடும் என்பது குடும்பத்தின் ஏகமனதான கருத்து. வெள்ளைச் சட்டைகள் தம்பிக்குப் போகும். ஆனால் வந்து இறங்கினால் எங்கு பார்த்தாலும் மரம். நகரியச் சாலைகளில் நிழல் விழுந்து கிடக்கும். அதிகாலையில் மயில் கத்தும். கறுப்பு நிறத்தைத் தேடிக் களைத்தவருக்கு, இங்கே தோண்டுவது லிக்னைட் என்றும், அது பழுப்பு நிறம் என்றும், எடையில் ஏறக்குறையப் பாதி வெறும் ஈரம் என்றும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிக் கொடுப்பார். அவர் எதிர்பார்த்த புழுதி கிடைக்காமல் போவதில்லை. விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நெடுஞ்சாலையை நான்கு வழியாக்கும் வேலை வருடக்கணக்கில் இழுத்த காலத்தில், சுரங்கம் தராத புழுதி முழுவதையும் அந்தச் சாலையே தந்தது.

முதல் பெரிய சோதனை முகவரி. நகரியம் வட்டங்களாகப் பிரிக்கப்பட்டு எண் இடப்பட்டது. வட்டம் என்று பலகை சொல்லும், ப்ளாக் என்று ஊர் சொல்லும். எல்லா ப்ளாக்கிலும் ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி வேலி, வாசலில் ஒரே மாதிரி வேப்பமரம். முதல் மாதத்தில் பக்கத்துத் தெருக்காரர் வீட்டு வராந்தாவில் செருப்பைக் கழற்றிவிட்டு, “காபி கொண்டா” என்று குரல் கொடுக்காதவர் அரிது. அந்த வீட்டு அம்மாளும் பதறுவதில்லை. “புதுசா சார்? உங்க வீடு அடுத்த தெருவுல இருக்கும். இருங்க, காபி குடிச்சிட்டே போங்க” என்பார்.

இதே முகவரிக்கு இன்னொரு பயனும் உண்டு. குவார்ட்டர்ஸ் எந்த வகை என்று தெரிந்தால் பதவி, சம்பளம், பணிமூப்பு மூன்றும் தெரிந்துவிடும். ஆகவே நெய்வேலியில் யாரும் யாரிடமும் சம்பளம் கேட்பதில்லை, “எந்த ப்ளாக்?” என்று மட்டும் நாகரிகமாகக் கேட்பார்கள்.

ஆறு மாதத்தில் அவர் நிபுணர் ஆகிவிடுகிறார். கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருந்தாலும் சரி, பள்ளியில் வரலாறு நடத்தினாலும் சரி, ஊரிலிருந்து வரும் மைத்துனரைச் சுரங்கம் பார்க்க அழைத்துப்போய் விளக்கம் சொல்லும் பொறுப்பு தன்னுடையது என்று நினைப்பார். விளக்கம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது கரிய மண் வந்ததிலிருந்து கதை தொடங்கும். 1956இல் நிறுவனம், 1957இல் நேரு வந்து தொடங்கி வைத்த சுரங்கம், 1961இல் கண்ணில் பட்ட லிக்னைட், 1962இல் சோவியத் உதவியோடு வந்த மின்சாரம் என்று வருடங்கள் தடங்கலின்றி வரும். மேலே மூடியிருக்கும் மண்ணை ‘ஓபி’ என்பார். ஜெர்மனியிலிருந்து வந்த பக்கெட் வீல் இயந்திரத்தின் பற்கள் கடலூர் மணற்கல்லில் தேய்ந்துபோனதைத் தானே பக்கத்தில் நின்று பார்த்ததுபோல் வருந்துவார். லிக்னைட்டுக்கு அடியில் ஊற்றுநீர் அழுத்தத்தோடு காத்திருக்கிறது, இரவு பகலாகப் பம்பு ஓடாவிட்டால் சுரங்கம் குளமாகிவிடும் என்று அவர் சொல்லும்போது, மைத்துனர் இரண்டடி பின்னால் நகர்வார். இந்தக் கட்டத்தில் பேச்சில் ‘அவங்க’ மறைந்து ‘நாங்க’ வந்துவிடும். “நாங்க கரண்ட் குடுக்கலைன்னா உங்க சென்னை என்ன ஆகும்?” என்று கேட்பவர், போன தீபாவளிவரை சென்னைக்கே மாற்றல் கேட்டு மனுப் போட்டவர்.

ஆனால் அவரை உண்மையில் சிக்கவைப்பது சுரங்கம் அல்ல, முந்திரியும் பலாவும்தான். நகரியத்தின் எல்லையைத் தாண்டினால் செம்மண், செம்மண்ணில் முந்திரித் தோப்பு, அதற்கு அப்பால் பண்ருட்டி. இந்தப் புவியியல் உறவினர்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து அவர் சம்பளமில்லாத முந்திரி முகவர். திருச்சியிலிருக்கும் பெரியம்மாவுக்கு இரண்டு கிலோ, கோயம்புத்தூர்ச் சம்பந்திக்கு ஐந்து கிலோ, மகளின் தோழியின் கல்யாணப் பாயசத்துக்குப் பத்து கிலோ. எல்லாருக்கும் முழுப் பருப்பு வேண்டும், உடைசல் விலைக்கு வேண்டும். ரகத்தின் எண் ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு என்பதைக் காட்டுகிறது, ஆகவே 320ஐவிட 240 பெரிய பருப்பு, அதனால் விலையும் கூடுதல் என்று பெரியம்மாவுக்கு அவர் தொலைபேசியில் பொறுமையாக விளக்குவார். “எண்ணு கொறையுது, வெல மட்டும் எப்படிடா ஏறும்? ஒன்னை நல்லா ஏமாத்திட்டான்” என்று பெரியம்மா முடிப்பார்.

பலாப்பழக் காலம் இன்னும் கடுமை. ஏப்ரலில் தொடங்கும் அந்தப் பருவத்தில், பழத்தைத் தட்டி ஓசை கேட்டுப் பழுத்த நாளைச் சொல்லும் வித்தையை அவர் கற்றுக்கொள்கிறார். பாதி வேளை பலிக்கிறது. சென்னைப் பேருந்தில் அவர் ஏற்றிவிடும் பழம் விழுப்புரம் தாண்டுவதற்குள் மணக்கத் தொடங்கும். நடத்துநர் யாருடையது என்று கேட்பார். பேருந்தில் ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த நிலை, நிலம் வாங்குவது. அரை ஏக்கர் முந்திரித் தோப்பு போதும். வாங்கிய மறுநாளே அவர் விவசாயி. ஞாயிற்றுக்கிழமை தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகப் போய் மரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை அலுவலகத்தில் மழை பற்றிப் பெருமூச்சு விடுவார். தோப்பைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் ஒரு நாள், “உங்களுக்குச் சொந்த நிலம் இல்லையா ஐயா?” என்று கேட்டுவிடுவார். “இருந்துச்சு சார். நீங்க இருக்கீங்களே ப்ளாக்கு, அதுக்குக் கெழக்கால. எங்கப்பா காலத்துல எடுத்தாங்க” என்று பெரியவர் மம்மட்டியை நிறுத்தாமல் சொல்வார். இந்த வட்டாரத்தில் நிலம் கொடுத்த குடும்பங்கள் வேலையும் இழப்பீடும் கேட்டு நடத்தும் வழக்கும் போராட்டமும் நகரியத்தின் வயதை ஒத்தவை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் சுரங்க நிறுவனத்தின் இயந்திரங்கள் இறங்கியபோது அது தமிழ்நாடு முழுவதும் செய்தியானது. சுரங்கத்தின் ஆழத்தை மீட்டர் கணக்கில் சொல்லக்கூடிய நம்மவர், நிலம் கொடுத்த ஊர்களின் பெயர்களை அப்போதுதான் முதன்முறையாகக் கேள்விப்பட்டார். அதன் பிறகு மைத்துனருக்குச் சொல்லும் விளக்கத்தில் ‘நாங்க’ கொஞ்சம் குறைந்தது என்பதை அவருடைய மனைவி கவனித்திருக்கிறார்.

இடையில் வருடங்கள் ஓடுவது அவருக்குத் தெரியாது. தைப்பூசத்துக்கு வடலூர் ஜோதி, பங்குனி உத்திரத்துக்கு வில்லுடையான்பட்டு முருகன் கோயில் காவடி, லிக்னைட் ஹாலில் புத்தகக் கண்காட்சி என்று நாட்காட்டி நிரம்பிவிடும். மே மாத வெயிலைத் திட்டுவதும் ஒரு திருவிழாதான். மாற்றல் மனுவை அவர் ஒவ்வொரு வருடமும் எழுதுவார். சில வருடங்களாக அனுப்புவதில்லை.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. மகன் சென்னையில் அடுக்குமாடி வீடு பார்த்து வைத்திருப்பான். அவர் போவார், அங்கே எத்தனாவது ப்ளாக் என்று வாட்ச்மேனைக் கேட்பார், ஏ, பி, சி என்று எழுத்தில் பதில் வரும், மனம் ஒட்டாது. சில மாதத்தில் வடலூரிலோ இந்திரா நகரிலோ மனை விசாரிக்கத் திரும்பி வருவார். அங்கே அவருக்கு முன்னால் ஓய்வு பெற்றவர்கள் ஏற்கெனவே வீடு கட்டிக் குடியேறியிருப்பார்கள். மனை விலை ஏறியதற்கு அவர்களே காரணம்.