மோட்டார் வீட்டு மான்மியம்

மெய்க்கீர்த்தியில் தோல்வி வராது. எந்த நாட்டை வென்றான், எத்தனை யானையைப் பிடித்தான், எவன் முடியைப் பறித்தான் என்று வரிசையாக இருக்கும். படை பாதி வழியில் பட்டினி கிடந்ததையும் தளபதிக்கு வயிறு கெட்டதையும் எந்தச் சோழனும் கல்லில் வெட்டச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியே காலம் தள்ளியவன் நான். எனக்கு இது பழகிய சங்கதி.

என் மருமகள் வாட்ஸ்அப்பில் ஏற்றியிருக்கும் ஆல்பமும் அந்த ஜாதிதான். டென்வரில் ஆர்.வி. என்கிற மோட்டார் வீட்டை வாடகைக்கு எடுத்து, தெற்கு டகோட்டா, வயோமிங் என்று குடும்பத்தோடு நாங்கள் நடத்திய திக்விஜயம் அதில் படம் படமாக இருக்கிறது. எல்லாப் படத்திலும் ஆறு பேரும் சிரிக்கிறோம். பின்னால் மலை நிற்கிறது, காட்டெருமை மேய்கிறது, வெந்நீர் பீய்ச்சுகிறது. மயிலாடுதுறையிலிருந்து சம்பந்தியம்மா, "ராஜ வாழ்க்கைங்க உங்களுக்கு" என்று குரல் செய்தி அனுப்பினார். உண்மையை யாராவது எழுதி வைக்க வேண்டாமா?

முதலில் அரண்மனை. முப்பது அடி நீளம். முன்பாதி லாரி, பின்பாதி வீடு. டிரைவர் தலைக்கு மேலே ஒரு பரண்; அது பேத்திக்கும் பேரனுக்கும். கடைக்கோடியில் கதவு போட்ட ஓர் அறை. அது மகனுக்கும் மருமகளுக்கும். நடுவில் சாப்பாட்டு மேசை. ராத்திரி அதைக் கீழே இறக்கி, மேலே மெத்தையை நிரவினால் கட்டில். அது மூத்த குடிமக்களுக்கு. ஆக, நாங்கள் எழுந்தால்தான் மற்றவர்களுக்குக் காப்பி. மற்றவர்கள் சாப்பிட்டு முடித்தால்தான் எங்களுக்குத் தூக்கம். எட்டு வயதுப் பேத்தி ராத்திரி பத்து மணிக்குத் தயிர்சாதத்தைப் பிசைந்தபடி யோசனையில் ஆழ்ந்துவிட்டால், அவள் தாத்தா உட்கார்ந்தே தூங்க வேண்டியதுதான்.

இப்படி ஊர் சுற்றும் கிறுக்கு புதிதல்ல. நியூயார்க்கில் பஸ் கம்பெனி நடத்திய ரோலண்ட் காங்க்லின் என்பவர், 1915-லேயே ஒரு மாடி பஸ்ஸை வீடாக மாற்றி, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு சான்பிரான்சிஸ்கோவுக்குக் கிளம்பினார். ஏறக்குறைய 25 அடி நீளம், எட்டு டன் எடை. சமையலறை, குளியலறை, மின்சாரம், மொட்டைமாடியில் தோட்டம் எல்லாம் உண்டு. பத்திரிகைகள் வாயைப் பிளந்தன. அந்தப் பயணத்தில் யார் யாரோடு எத்தனை நாள் பேசாமல் இருந்தார்கள் என்பதை மட்டும் நான் படித்தவரையில் ஒருவரும் எழுதவில்லை.

வண்டியை ஒப்படைத்த பையன் எல்லாவற்றையும் கால் மணி நேரத்தில் விளக்கினான். எந்த பட்டன் எதற்கு, எந்த வால்வு எங்கே என்று அவன் சொல்லச் சொல்ல, மகன் ஆபீஸ் மீட்டிங்கில் தலையாட்டுவதுபோலவே தலையாட்டினான். அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

முதல் போர் அடுப்படியில். வீட்டுக்காரி குக்கர், தோசைக்கல், இட்லி மாவு, புளிக்காய்ச்சல், ஊறுகாய், வடாம் என்று ஒரு கல்யாணத்துக்கான சாமான் ஏற்றியிருந்தாள். குக்கரை மட்டும் வேண்டாம் என்று மருமகள் தடுத்துப் பார்த்தாள். "இடத்தை அடைக்கும் அத்தை, சாதத்தைச் சும்மா வடிச்சுக்கலாம்." அத்தை பதில் சொல்லவில்லை. குக்கருக்குள் துணியைத் திணித்து, துணிமூட்டை என்று சொல்லி ஏற்றிவிட்டாள்.

அன்று மாலை கடுகு வெடித்தது, மிளகாய் கிள்ளிப் போட்டாள், கூரையிலிருந்த புகை அலாரம் அலறியது. பேரன் காதைப் பொத்திக்கொண்டு தானும் அலறினான். பக்கத்து வண்டிக்காரர் தீயணைப்பு உருளையோடு ஓடிவந்தார். கையில் ஒரு கிண்ணம் ரசத்தோடு திரும்பிப் போனார். மறுநாளிலிருந்து தாளிப்பு என்றால் குடும்பமே போர்க்கோலம் பூணும்: மகன் அலாரத்துக்கு அடியில் துண்டை வீசுவான், நான் கதவைத் திறப்பேன், மருமகள் ஜன்னல்களைப் பார்த்துக்கொள்வாள், பேத்தி கடுகு வெடிக்கும் நேரத்தைக் கவுண்ட்டவுன் சொல்வாள்.

மின்சாரத்திலும் சண்டைதான். நாங்கள் தங்கிய முகாம்களில் கிடைத்தது 30 ஆம்ப் இணைப்பு. ஏ.சி. ஓடும்போது மைக்ரோவேவைப் போட்டால் வண்டியே இருண்டுவிடும். குளிர்காற்றா, சூடான பாலா என்று ஒவ்வொரு ராத்திரியும் வாக்கெடுப்பு. குழந்தைகளுக்கும் ஓட்டுரிமை கொடுத்தது மகனின் ஜனநாயகக் கோளாறு. ஐஸ்கிரீம் தருகிற கட்சிக்கே அவர்கள் ஓட்டு விழுந்தது.

பிக்ஹார்ன் மலையில் 9,666 அடி உயரத்தில் ஒரு கணவாய் இருக்கிறது. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும் அல்லவா? சிப்ஸ் பாக்கெட்டுகள் எல்லாம் உப்பிக்கொண்டு வெடிக்கத் தயாராக நின்றன. ஏற்கெனவே வண்டிச் சூட்டில் புளித்திருந்த இட்லி மாவும் டப்பா மூடியைத் தள்ளிவிட்டு வெளியே வந்தது. அதற்கு முந்தைய வளைவில்தான் துவரம்பருப்பு டப்பா அலமாரியிலிருந்து குதித்துத் தரையெல்லாம் பருப்பாகியிருந்தது. மாவு மெல்ல இறங்கிவந்து பருப்போடு கலந்தது. "அடை வார்க்கலாம்" என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஆல்பத்தில் இந்தக் கணவாய்க்கு 'அழகிய மலைப்பாதை' என்று பெயர்.

இனி மூன்று தொட்டிகளின் கதை. ஒன்றில் நல்ல தண்ணீர். அடுத்ததில் குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர். அதைச் சாம்பல் தொட்டி என்கிறார்கள். மூன்றாவது கறுப்புத் தொட்டி. அதில் இருப்பது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. சுவரில் உள்ள விளக்குகள் அது எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும். ஆறு பேர் உண்டு உறங்கும் வண்டியில், அந்த விளக்குதான் எங்களை ஊர் ஊராக ஓட்டியது. மகன் தயாரித்த பயணத் திட்டம் சும்மா பெயருக்கு.

நிறைந்ததும் டம்ப் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். கையுறை மாட்டி, தடிமனான குழாயைப் பொருத்தி, முதலில் கறுப்பு வால்வு, பிறகு சாம்பல் வால்வு. பின்னால் வரும் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். சாஸ்திரம் அவ்வளவுதான். ஆனால் குழாயைத் திருகும்போது 'கிளிக்' என்று சத்தம் வரும்வரை திருக வேண்டும் என்ற சூட்சுமம், மகன் பார்த்த வீடியோவில் விளம்பரம் ஓடிய இடத்தில் வந்திருக்கும்போல. கம்பெனியில் அவன் கிளவுட் ஆர்க்கிடெக்ட். மேகத்தில் எதையும் சேமிப்பான். தரையில் விட்டுவிட்டான்.

வீட்டுக்காரி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு கேட்டாள்: "பி.இ. படிக்க வச்சு, எம்.எஸ். படிக்க வச்சு, கடன் வாங்கி பிளேன் ஏத்தி விட்டது இதுக்குத்தானாடா?"

"அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லும்மா."

பரணிலிருந்து ஜன்னல் வழியாகப் பேரன் நேரடி வர்ணனை கொடுத்தான். "பாட்டி, இது உன்னோடது! அது தாத்தாவோடது!" பின்னால் வரிசையில் நின்ற பெரிய வண்டியிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் இறங்கி வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்து, ஒரு திருகு திருகினார். கிளிக். தன் கையுறையைக் கழற்றி மகன் கையில் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார். ஆல்பத்தில் அன்றைய தேதிக்குப் படமே இல்லை.

மெய்க்கீர்த்தி எழுதுவதில் அமெரிக்கா நமக்கு இளைத்ததல்ல. ரஷ்மோர் மலையில் நாலு ஜனாதிபதிகளின் முகங்கள், ஒவ்வொன்றும் 60 அடி. 1927-ல் வேலையைத் தொடங்கிய சிற்பி கட்ஸன் போர்க்ளம் 1941-ல் இறந்துபோக, மகன் முடித்து வைத்தார். ஜெபர்சனை முதலில் வாஷிங்டனுக்கு வலப்பக்கம்தான் செதுக்கினார்கள். பாறை சரியில்லை. டைனமைட் வைத்து ஜெபர்சனைத் தகர்த்துவிட்டு, இடப்பக்கம் புதிதாக ஒரு ஜெபர்சனைச் செதுக்கினார்கள். அஞ்சலட்டையில் வருவது இரண்டாவது ஜெபர்சன்.

மலை யாருடையது என்று பேத்தி கேட்டாள். வாத்தியாரிடம் கேட்கலாமா இதை? மலை இருக்கும் பிளாக் ஹில்ஸ் பகுதியை லகோட்டா மக்களுக்கென்று 1868-ல் ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தது அரசாங்கம். தங்கம் இருப்பது தெரிந்ததும் 1877-ல் பிடுங்கிக்கொண்டது. 1980-ல் உச்ச நீதிமன்றம் நூறு மில்லியன் டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பணம் வேண்டாம், மலையைக் கொடு என்று லகோட்டாக்கள் இன்றுவரை அதைத் தொடவில்லை. நான் இவ்வளவையும் சொல்லி முடித்ததும் வீட்டுக்காரி நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அடுத்தவன் வீட்டுல பூந்து, அவன் சுவத்துலயே தன் போட்டோவை மாட்டுன மாதிரில்ல இருக்கு" என்றாள். என் ஒரு மணி நேரப் பாடத்தை இப்படி ஒரு வரியில் முடிப்பது அவள் வழக்கம்.

யெல்லோஸ்டோனில் ஏரிப்பக்கம் பிஷிங் பிரிட்ஜ் முகாமில் தங்கினோம். கரடி நடமாட்டம் அதிகம் என்பதால் அங்கே துணிக்கூடாரம் கூடாது; சுவருள்ள வண்டிகளுக்கு மட்டும் அனுமதி. உயரம் ஏறக்குறைய 7,700 அடி. அந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். மருமகள் திறந்த பாத்திரத்தில் வைத்த பருப்பு கொதித்தது, கொதித்தது, கொதித்துக்கொண்டே இருந்தது, வேகவில்லை. அத்தை மெதுவாகத் துணிமூட்டையை அவிழ்த்தாள். மூன்று விசில். வண்டிக்குள் அதன்பிறகு நிலவிய அமைதியில் ஓர் ஆட்சி மாற்றம் நடந்து முடிந்தது.

புதிய ஆட்சி நாலு மணி நேரம் நீடித்தது. வெயில் நன்றாக இருக்கிறதே என்று வீட்டுக்காரி நமத்துப்போன வடாத்தை வெளி மேசையில் பரப்பிவிட்டாள். பேத்தி அன்று காலைதான் ஜூனியர் ரேஞ்சர் புத்தகத்தை நிரப்பி, வலது கையைத் தூக்கி உறுதிமொழி எடுத்து, சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ச்சும் வாங்கி வந்திருந்தாள். உணவுப் பண்டத்தைத் திறந்த வெளியில் வைத்தால் கரடி வரும் என்பது புத்தகத்தில் இருந்தது. நேரே போய், சீனியர் ரேஞ்சரைக் கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டாள். சொந்தப் பாட்டியைக் காட்டிக் கொடுத்த கையோடு, "ரூல்ஸ் இஸ் ரூல்ஸ், பாட்டி" என்று ஆறுதலும் சொன்னாள். ரேஞ்சர் எச்சரித்துவிட்டுப் போனார். பாட்டி அன்று ராத்திரி பேத்திக்குத் தலை பின்னிவிடவில்லை.

ஓல்டு பெய்த்புல் வெந்நீர் ஊற்று சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தரம் சீறும். அதற்குள் துணியைப் போட்டு, சீறும்போது வெளுத்து வாங்கியவர்கள் உண்டு. 1882-ல் ஜெனரல் ஷெரிடனின் ஆட்கள் போட்டுப் பார்த்ததில், பருத்தித் துணி பிழைத்தது; கம்பளித் துணி கிழிந்து நாராக வந்தது. இப்போது அப்படிச் செய்தால் போலீஸ்தான் பிடிக்கும். சுற்றிலும் கந்தக ஆவியின் அழுகிய முட்டை நாற்றம். கூட்டத்தின் நடுவில் பேரன் என்னைச் சுட்டிக்காட்டி, "தாத்தா!" என்றான். பூமிக்கடியில் எரிமலை இருக்கிறது, ஹைட்ரஜன் சல்பைடு வருகிறது என்று எவ்வளவோ விளக்கினேன். பக்கத்தில் நின்றவர்கள் இரண்டடி தள்ளியே நின்றார்கள்.

இங்கேதான் எனக்கு ட்ரூமன் எவெர்ட்ஸ் நினைவு வந்தது. 1870-ல் வாஷ்பர்ன் குழுவோடு இந்தக் காட்டைப் பார்க்க வந்த மனிதர். வயது 54, கிட்டப்பார்வை. கூட்டத்தைப் பிரிந்தார், சாமானோடு குதிரையும் ஓடிப்போனது. 37 நாள் முள்செடிக் கிழங்கைத் தின்று, ஒரு சின்னத் தொலைநோக்கியின் கண்ணாடியால் தீமூட்டி, வெந்நீர் ஊற்றோரம் படுத்து உயிர் பிழைத்தார். தேடிக் கண்டுபிடித்தவர்கள் பரிசுப் பணம் கேட்டபோது, நானே வந்திருப்பேனே என்று கைவிரித்ததாகச் சொல்வார்கள். அடுத்த வருடமே தன் சாகசத்தைப் பத்திரிகையில் எழுதிப் பெயர் வாங்கினார். ஒரு மலைக்கே அவர் பெயர் இருக்கிறது. தொலைந்துபோனால்கூடப் பரவாயில்லை, முதலில் எழுதிவிட வேண்டும் என்பது அவர் வாழ்க்கை தரும் பாடம்.

நான் அவசரமாக எழுதுவதற்கும் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் இப்போது இந்தப் பயணத்துக்குப் பல வரலாறுகள் உலவுகின்றன. மகனுடையது பெட்ரோல் கணக்கு. காலனுக்கு எட்டு மைல் என்பதைத் தாண்டி அதில் வேறு சம்பவம் இல்லை. வீட்டுக்காரியுடையது குக்கரின் வெற்றி. பேத்தியுடையது சட்டம் ஒழுங்கு. ஐந்து வயதுப் பேரனுடையதுதான் ஆபத்து. விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் போனவன், 'என் தாத்தா பாட்டி லாரியில் வசிக்கிறார்கள், டாய்லெட் நிறைந்ததும் வேறு ஊருக்குப் போவார்கள்' என்று வகுப்பில் சொல்லியிருக்கிறான். டீச்சர் மருமகளைத் தனியாகக் கூப்பிட்டு, வீடில்லாத முதியவர்களுக்கான உதவித் திட்டங்களை இதமாக எடுத்துச் சொன்னாராம்.

அவனைத் திருத்தப் பார்த்தேன். சொன்னதில் எது பொய் என்று கேட்கிறான். எங்கள் எல்லோரையும்விட அதிக வருடம் உயிரோடு இருந்து இந்தக் கதையைச் சொல்லப் போகிறவன் அவன்தான். நல்லவேளையாக, பயலுக்கு இன்னும் எழுதப் படிக்க வரவில்லை.