நாலு மீனுக்கு ஒரு மறுகால்

ஏலே பேராண்டி, போனுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு என்னத்தலே தேடுத? மீன்தொட்டிக்குக் கீழ வைக்கிற வடிகட்டிப் பெட்டி, அதான் சம்ப், வாங்கப் போறியாமே. அக்ரிலிக்காம், உள்ள நீல லைட்டாம், வெல தொட்டி வெலையவே தாண்டிருச்சாம். உங்கம்மா பொலம்புதா. சுண்டைக்கா கால் பணம், சுமகூலி முக்கால் பணம்னு அவ சொன்னதுல என்ன தப்பு?

எத்தன மீனு? வெக்கப்படாம சொல்லு. ரெண்டடித் தொட்டியில பத்து கப்பின்னா எந்திரிச்சுப் போ. அதுக்கு ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் காத்து மோட்டாரும் தாராளம். சம்ப் கேக்கது மீனா, நீயா?

ஓ, நாலடித் தொட்டி வாங்கியாச்சா. ஆஸ்கார் சோடி விடணுமா. அது தின்னு தின்னு தொட்டிய நாறடிக்கிற மீனாச்சே. சரி, உக்காரு. இப்பதான் பேச்சுல நாயம் இருக்கு.

நம்மூர்ல மேலக்குளம் பெருகுனா மறுகால் பாஞ்சு கீழக்குளத்துக்குப் போகுதுல்லா? ஒன் சம்பும் அம்புட்டுத்தான். மேல மிஞ்சுற தண்ணி குழாய் வழியா தானா கீழ விழும். பஞ்சுல அழுக்க விட்டுட்டு, கல்லுக்குள்ள பூந்து, கடைசி அறைக்கு வரும். அங்க ஒரு பம்பு அத மேல ஏத்தி விடும். இதுல ராக்கெட்டு எங்கலே இருக்கு?

தண்ணியச் சுத்தம் பண்ணுறது பெட்டி இல்ல, பாக்டீரியா. மீனு செவுள் வழியா விடுற அம்மோனியாவ ஒருத்தன் நைட்ரைட் ஆக்குவான், இன்னொருத்தன் அத நைட்ரேட் ஆக்குவான். ஒட்டிக்கிட எடம், ஓடுற தண்ணி, கொஞ்சம் காத்து. வேற என்ன கேக்கான்? எரிமலைக் கல்லு போடு. இல்லன்னா பாத்திரம் தேய்க்கிற பிளாஸ்டிக் நாரு புதுசா வாங்கிப் போடு. சோப்பு பட்டது ஆகாது. வெலையப் பாத்தா அவன் குடியேறுதான்? சுண்ணாம்புக் கல்ல மட்டும் போட்டுறாத, தண்ணி கடினமாயிரும்.

பெட்டிக்கு எவன் வீட்டுப் பரண்லயாவது சும்மா கெடக்குற பழைய தொட்டி போதும். கண்ணாடித் துண்ட நிறுத்தி மூணு அறையாத் தடு. நீ இருக்கது மெட்ராஸ்தானே? வண்ணமீனுக்குப் பேர்போன கொளத்தூர் அங்கதான இருக்கு. போய் நாலு கடை ஏறி எறங்கு, காலு தேஞ்சிராது. ஒட்டுற சிலிக்கான்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாத. பூஞ்சை மருந்து கலந்த பாத்ரூம் சிலிக்கான் மீனுக்கு வெசம். மீன்தொட்டிக்குன்னே உள்ளத வாங்கி, வினிகர் வாடை போற மட்டும் காய விடு.

இனிமேதான் சங்கதி. கரண்ட் போனா என்ன செய்வ? பம்பு நிக்கும். மேல உள்ள தண்ணி நிக்குமா? எறங்குற குழாய் வழியாவும் எறங்கும், ஏத்துற குழாய் வழியாவும் எறங்கும். ஒன் தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம். ஒரு அங்குலம் எறங்குனா 14 லிட்டர், ரெண்டு அங்குலம்னா 28. ரெண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஒசரத்துல சம்ப் வச்சா முட்ட முட்டவே 56 லிட்டர்தான் கொள்ளும். பாக்க அழகா இருக்குன்னு முக்காவாசி நெரப்பி வச்சேன்னு வையி, 14 லிட்டர் ஹாலுல நிக்கும். நீல லைட்டு வந்து தொடைக்குமா?

ஏத்துற குழாயில, மேல்தொட்டித் தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ ஒரு சின்ன ஓட்டை போடு. மட்டம் அதுக்குக் கீழ போனதும் காத்து உள்ள பூந்து இழுப்பு அறுந்து போகும். ஓட்டைய பாசி அடைக்கும், அப்பப்பக் குச்சியால குத்தி விடணும். ஒருவழி வால்வு போட்டிருக்கேன்னு நெஞ்ச நிமித்தாத. ஒரு நத்தை ஓட்டுத் துண்டு சிக்குனா அது ரெண்டு வழி வால்வு.

மறுகாலுக்குத் தொட்டியில ஓட்டை போடணும்னா கண்ணாடி டெம்பர்டான்னு கேட்டுக்கோ. டெம்பர்டுன்னா கை வைக்காத, பொலபொலன்னு உதிந்துரும்.

பம்புப் பெட்டியில 2000 லிட்டர்னு போட்டிருப்பான். அது ஒசரமே ஏத்தாம ஓடுற கணக்கு. நாலடி மேல ஏத்துனா மூச்சு வாங்கும். ஒன் தொட்டி நெறஞ்சா 255 லிட்டர். மணிக்கு நாலஞ்சு சுத்து மேல போய்ச் சேந்தா போதும். 40 வாட் பம்பு ராப்பகலா ஓடுனா ரெண்டு மாசத்துல 58 யூனிட் கிட்ட வரும். மீனு கட்டுமா அந்த பில்ல?

மீனு வாங்க இப்பவே ஓடாத. வெறுந்தண்ணிய ஓட விட்டு நீயே சுவிட்ச அமத்து. சம்ப் வழியுதா பாரு. வழிஞ்சா தண்ணியக் கொறச்சு, நிக்குற மட்டத்துல மார்க்கரால கோடு போடு. அடுத்து, எறங்குற குழாய் வாயக் கையால அடைச்சுக்கிட்டு பம்பப் போடு. பம்பு அறை வத்துற மட்டும் மேல வழியக் கூடாது. வழிஞ்சா அந்த அறை பெருசுன்னு அர்த்தம், தடுப்பத் தள்ளி வையி. பொறவு பாக்டீரியா குடியேறவே ஒரு மாசம் ஆகும், பொறு. சோதனை பண்ணையில தரை நனைஞ்சா நீயே தொடைச்சிரு. உங்கம்மாவக் கூப்பிட்டேன்னு வையி, தொட்டி, சம்ப், நீ, மூணும் தெருவுலதான்.